ப்ளிங்க்-182 ஆல்பங்கள்: எதைக் கேக்கணும், எதை விட்டுடலாம்

பாப் பங்க்னு சொன்னாலே கிட்டார்ல மூணு கார்டு (chord), வேகமான டிரம்ஸ், மூக்கால பாடுற ஒரு பையன், அவ்ளோதானேன்னு ஒதுக்கிட்டுப் போறவங்க நிறைய பேரு இருக்காங்க. அவங்களையும் மனசுல வச்சுதான் இதை எழுதறேன், ஏன்னா ப்ளிங்க்-182ங்கற அமெரிக்க பேண்டு போட்ட ஆல்பம் எல்லாத்தையும் 1995லேர்ந்து வரிசையா கேட்டுட்டு வந்தா ஒரு விஷயம் பளிச்சுனு தெரியுது, இந்த பேண்டோட உயிரே ஒத்துவராத ரெண்டு குரல்லதான் இருக்கு. மார்க் ஹாப்பஸ் கீழ் ஸ்தாயில, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி பாடுவாரு, பேஸ் கிட்டாரும் அவருதான். டாம் டெலாங் மேல போவாரு, இழுப்பாரு, கத்துவாரு, ஒரு சாதாரண இங்கிலீஷ் வார்த்தையக்கூட யாரும் உச்சரிக்காத மாதிரி வளைச்சு வளைச்சுப் பாடுவாரு. இந்த ரெண்டும் ஒரே ரூம்ல மோதிக்கிட்ட ரெக்கார்டெல்லாம் இன்னைக்கும் நிக்குது, ஆளுக்கொரு ஸ்டுடியோல உக்காந்து பண்ணதும், ஒருத்தர் இல்லாம பண்ணதும் எங்கயோ இடிக்குது. எந்த ஆல்பத்துக்குக் காசு போடலாம்னு யோசிக்கறவங்களுக்கு இதவிட நல்ல அளவுகோல் என்கிட்ட இல்ல.

ஆரம்பம் கலிஃபோர்னியால சான் டியேகோவை ஒட்டி இருக்கற பவேன்னு ஒரு ஊரு, வருஷம் 1992. மார்க்கோட தங்கச்சிதான் மார்க்கையும் டாமையும் அறிமுகப்படுத்தி வச்சது. அன்னைக்கு டாம் வீட்டு கராஜ்ல உக்காந்து ரெண்டு பேரும் வாசிச்சதுலேர்ந்து வந்ததுதான் பின்னாடி முதல் ஆல்பத்துல முதல் பாட்டா வந்த கரோசெல். புது ஃப்ரெண்டை அசத்தணும்னு மார்க் தெருவிளக்குக் கம்பத்துல ஏறி, இறங்கும்போது காலை உடைச்சுக்கிட்டு கொஞ்ச நாள் ஊன்றுகோலோட திரிஞ்சதெல்லாம் ரசிகர்களுக்கு நல்லா தெரிஞ்ச கதை. டிரம்ஸுக்கு ஸ்காட் ரேனர்னு ஒரு பையன். பேரு அப்போ வெறும் ப்ளிங்க்தான், அயர்லாந்துல அதே பேர்ல ஏற்கனவே ஒரு பேண்டு இருந்து கேஸு அது இதுன்னு வந்ததால பின்னாடி 182 ஒட்டிக்கிச்சு, அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு கேட்ட ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லியே காலத்தை ஓட்டிட்டாங்க.

1995ல வந்த செஷயர் கேட் ஆல்பத்த வரலாறு தெரிஞ்சுக்கணும்னா மட்டும் கேளுங்க. கரோசெல் பாட்டோட தொடக்கத்துல வர்ற அந்த பேஸ் லைன் இப்பவும் அழகா இருக்கு, அதுக்கப்புறம் பாதி பாட்டுக்கு மேல ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கு, ஒலிப்பதிவும் ரொம்ப மெல்லிசு. டிசெண்டென்ட்ஸ் மாதிரி கலிஃபோர்னியாவோட முந்தின தலைமுறை பங்க் பேண்டுகளைக் கேட்டு வளர்ந்த பசங்க, அந்த வேகத்தைப் பிடிச்சிட்டாங்க, தங்களுக்குன்னு ஒரு ட்யூனை இன்னும் பிடிக்கல.

பிடிச்சது 1997ல, ட்யூட் ரான்ச்ல. ப்ரொட்யூசர் மார்க் ட்ரோம்பினோ. இந்த ஆல்பம்னாலே டேமிட்தான். மார்க் இந்தப் பாட்டை ரெண்டு கம்பி இல்லாத ஒரு அக்கூஸ்டிக் கிட்டார்ல போட்டாருன்னு சொல்வாங்க, அந்த ரிஃப்ப, அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்க, கவனிச்சுக் கேட்டா அது உண்மைதான்னு காதே சொல்லும், இருக்கற கம்பிய வச்சுக்கிட்டு விரல் எங்கெல்லாம் போகுமோ அங்க மட்டும் போயிட்டு வர்ற ஒரு ரிஃப், ஏறுது, ஒரு படி இறங்குது, திரும்ப ஏறுது. கிட்டார் கையில எடுத்த முதல் மாசத்துலயே இதை வாசிச்சுடலாம், உலகம் முழுக்க எத்தனையோ பசங்க அப்படித்தான் கத்துக்கிட்டாங்க. இன்னொண்ணு, அந்தப் பாட்டோட ஸ்தாயி மார்க் குரலுக்குக் கொஞ்சம் அதிகம். கோரஸ்ல அவரு தொண்டை கிழியறது நல்லாவே கேக்கும், அதைத் திருத்தாம அப்படியே விட்டதாலதான் காதல் முறிஞ்சவன் பாடுற பாட்டுன்னு நம்ப முடியுது. சுத்தமா பாடியிருந்தா எடுபட்டிருக்காது. ஆனா ஆல்பம் முழுக்க இந்த அளவுக்கு இல்ல, நடுவுல ரெண்டு மூணு பாட்டை கண்ண மூடிட்டு தாண்டிடலாம், டிரம்ஸும் கடகடன்னு ஓடுதே தவிர பாட்டுக்கு எதுவும் சொல்லல.

அந்தக் குறை அடுத்த வருஷமே தீந்துச்சு. 1998ல ஒரு டூர் நடுவுல ஸ்காட் ரேனர் இல்லாத நேரத்துல, அதே டூர்ல வாசிச்சுக்கிட்டிருந்த தி அக்வாபேட்ஸ் பேண்டுலேர்ந்து டிராவிஸ் பார்க்கர் வந்து உக்காந்தாரு, ஒரு மணி நேரத்துக்குள்ள மேடைல வாசிக்கற மொத்த பாட்டையும் கத்துக்கிட்டு மேடை ஏறிட்டாரு. அதே வருஷம் அவரே நிரந்தர டிரம்மர். இவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும், பாப் பங்க் டிரம்மர் நிறைய பேரு வேகத்தைக் காமிப்பாங்க, டிராவிஸ் பாட்டுல இருக்கற இடைவெளியப் பாத்து அடிக்கறவரு. கோரஸ் முடிஞ்சு அடுத்த வரி ஆரம்பிக்கறதுக்கு நடுவுல அரை நொடி கிடைச்சாக்கூட அதுல ஒரு சின்ன உருட்டலை வச்சுடுவாரு, அது பாட்டை தொந்தரவு பண்ணாது, அடுத்த வரிக்குக் கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போகும். சின்ன வயசுல பள்ளிக்கூட பேண்டுல மார்ச்சிங் டிரம்ஸ் வாசிச்ச பழக்கம் அந்த ஸ்னேர் டிரம்ல தெரியும். ஹிப் ஹாப் மேல அவருக்கு இருந்த பிரியமும் போகப் போக பேண்டுக்குள்ள வந்து சேந்துச்சு.

அப்புறம் 1999 ஜூன்ல எனிமா ஆஃப் தி ஸ்டேட். அமெரிக்காவுல மட்டும் 50 லட்சம் காப்பிக்கான பிளாட்டினம் சான்று வாங்கின ஆல்பம். ப்ரொட்யூசர் ஜெர்ரி ஃபின், இந்தப் பேர கண்டிப்பா சொல்லியாகணும், ஏன்னா இந்த பேண்டுக்கு நாலாவது ஆளு மாதிரி இருந்தவரு அவருதான். 1994ல க்ரீன் டே பேண்டோட டூக்கி ஆல்பம் மிக்ஸிங்ல வேலை பாத்தவரு. கிட்டாரை அடுக்கடுக்கா போட்டு சுவரு மாதிரி நிறுத்துவாரு, ஆனா அந்த சுவருக்குள்ள குரல் அமுங்காது, பேஸோட ஒவ்வொரு நோட்டும் தனியா காதுல விழும். வாட்ஸ் மை ஏஜ் அகெய்ன் ஆரம்பத்துல கம்பி கம்பியா தட்டி வர்ற கிட்டார் இருக்கே, அது முடியற வரைக்கும் காத்திருந்து டிராவிஸ் உள்ள வர்ற அந்த இடத்தை நல்ல ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஒலிப்பதிவுன்னா எப்படி இருக்கணும்னு புரியும். அதே ஆல்பத்துல ஆல் தி ஸ்மால் திங்ஸ், லேபிளுக்கு, அதாவது ரெக்கார்டு கம்பெனிக்கு, ரேடியோல ஓடற மாதிரி ஒரு பாட்டு வேணும்னு தெரிஞ்சே டாம் எழுதினது, காதலி வீட்டுல ரோஜாப்பூ வச்சுட்டுப் போன ஒரு சின்ன சம்பவம்தான் விஷயமே, அமெரிக்க பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100ல 6வது இடம் வரைக்கும் போச்சு. அப்ப கொடிகட்டிப் பறந்த பாய் பேண்டுகளைக் கிண்டல் பண்ணி எடுத்த வீடியோ பாட்டை எங்கயோ கொண்டு போயிடுச்சு. கிண்டலா எடுத்த வீடியோவாலயே அந்தப் பாய் பேண்டு அளவுக்குப் பேரு வாங்கிட்டாங்கன்னு அப்ப நிறைய பேரு சொன்னாங்க, பழைய பங்க் ரசிகர்கள் கோச்சுக்கிட்டும் போனாங்க. எனக்கு அந்தக் கோவத்துல உடன்பாடு கிடையாது, ரெண்டே முக்கால் நிமிஷத்துல ஒரு அனாவசிய செகண்ட் இல்லாத பாட்டு எழுதறது சாதாரண வேலையில்ல.

எனிமால எனக்கு ரொம்ப முக்கியமான பாட்டு ஆடம்ஸ் சாங். டூர்ல மத்தவங்களுக்கு வீட்டுல காத்துக்கிட்டிருக்க யாராவது இருந்த நேரத்துல தனக்கு யாரும் இல்லையேங்கற தனிமையில மார்க் எழுதினது, உயிரை விட்டுடலாமான்னு நினைக்கற ஒருத்தனோட பாட்டு. அதுவரைக்கும் இவங்க வேகத்தையே நம்பிக்கிட்டிருந்தாங்க, இதுல நிதானமா, பேஸை முன்னாடி வச்சு, கடைசில பியானோவ சேத்து, இருட்டுலேர்ந்து மெல்ல வெளிய வர்ற மாதிரி அமைச்சிருக்காங்க. கடைசி கோரஸ்ல வரிகள் கொஞ்சம் மாறும், அந்த மாத்தத்தைத் தவற விட்டுடாதீங்க, முழுப் பாட்டும் அதுக்காகத்தான் எழுதியிருக்கு.

இதே காலகட்டத்துல அவங்க மேடையில அடிச்ச ஆபாச ஜோக்கும், வீடியோல துணியில்லாம ஓடினதும், 2000ல வந்த லைவ் ஆல்பத்துல பாட்டுக்கு நடுவுல வர்ற பேச்சும் இன்னைக்கு கேக்க சங்கடமா இருக்கு, குறிப்பா பெண்களைப் பத்தி பேசறதெல்லாம். அப்ப எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்கன்னு சொல்லி அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்ல. அந்த லைவ் ஆல்பத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நேரடி நிகழ்ச்சில டாமோட குரல் ஸ்ருதில நிக்காதுங்கறதும் உண்மை, இப்ப வரைக்கும் அது அப்படித்தான், டிக்கெட் எடுக்கறவங்க தெரிஞ்சுக்கிட்டு எடுங்க. டிராவிஸ்ஸை நேர்ல பாக்கறதுக்கு மட்டுமே காசு தரலாம்ங்கறது வேற விஷயம்.

2001 ஜூன்ல வந்த டேக் ஆஃப் யுவர் பேண்ட்ஸ் அண்ட் ஜாக்கெட் ஆல்பம் பட்டியலான பில்போர்டு 200ல நேரா முதல் இடத்துல இறங்குச்சு, முதல் வாரமே மூணரை லட்சம் காப்பி. பங்க் ராக் ஆல்பம் ஒண்ணு அப்படி முதலிடத்துல இறங்கினது அதுதான் முதல் தடவைன்னு சொல்வாங்க. ஆல்பம் கிட்டத்தட்ட முடிஞ்சதும் மேனேஜர் கேட்டுட்டு நல்லாத்தான் இருக்கு ஆனா ஹிட்டுக்கு ஒண்ணும் இல்லையேன்னு சொல்ல, ரெண்டு பேரும் கடுப்பாகி வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு பாட்டு எழுதிட்டு வந்தாங்க, மார்க் எழுதினது தி ராக் ஷோ, டாம் எழுதினது ஃபர்ஸ்ட் டேட். கோவத்துல எழுதின அந்த ரெண்டுமே ஹிட்டு. ஆனா இந்த ஆல்பத்தை நான் எடுத்துக் கேக்கறதுன்னா அது ஸ்டே டுகெதர் ஃபார் தி கிட்ஸ் பாட்டுக்காக. அப்பா அம்மா பிரிஞ்சு போறதைப் பாத்த பிள்ளையோட பாட்டு, டாம் தன் வீட்டுல நடந்ததை வச்சு எழுதினது. மார்க் தாழ்ந்த குரல்ல நடந்ததைச் சொல்லிக்கிட்டே வர்றாரு, கூட ஒரு கிட்டார் மட்டும் மெதுவா, டாம் கோரஸ்ல வெடிக்கிறாரு. ஒரே பிள்ளை மனசுக்குள்ள அடங்கி இருக்கறதையும் கத்தறதையும் ரெண்டு தொண்டைக்குப் பிரிச்சுக் குடுத்த மாதிரி. ரெண்டு குரல் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு இந்த ஒரு பாட்டு போதும். மத்தபடி ஆல்பம் எனிமாவோட தொடர்ச்சிதான், இன்னும் பாலிஷ் போட்ட தொடர்ச்சி, அதே இடத்துல சுத்தறாங்கன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

தெரிஞ்சதாலதான் டாம் 2001ல பாக்ஸ் கார் ரேசர்னு தனியா ஒரு பேண்டு ஆரம்பிச்சு, இன்னும் கனமான, இருண்ட பாட்டெல்லாம் பண்ணாரு, டிரம்ஸுக்கு டிராவிஸ்ஸைக் கூப்பிட்டாரு, மார்க்கை பேண்டுல சேத்துக்கல. மூணு பேருல ரெண்டு பேரு தன்னை விட்டுட்டு ஒரு பேண்டு போட்டா யாருக்கும் வலிக்கத்தான் செய்யும், அந்த வலி பல வருஷம் ஆறல. ஆனா பாருங்க, அந்த விரிசல் விழுந்த கையோட மூணு பேரும் திரும்ப ஒரே கூரைக்குக் கீழ வந்து உக்காந்தப்பதான் இவங்களோட ஆகச் சிறந்த வேலை வெளிய வந்துச்சு.

அதுதான் 2003 நவம்பர்ல வந்த, தலைப்பே இல்லாத ஆல்பம், சில பேரு பேண்டு பேரையே தலைப்பா சொல்வாங்க. சான் டியேகோ பக்கத்துல ஒரு வீட்டையே வாடகைக்கு எடுத்து ஸ்டுடியோவா மாத்தி ரெக்கார்டிங் ஆரம்பிச்சாங்க, பல மாசம் எடுத்துக்கிட்டாங்க. திரும்பவும் ஜெர்ரி ஃபின். ஒவ்வொரு பாட்டுக்கும் வேற டிரம் செட்டு, வேற மைக்கு, வேற ஆம்ப்ளிஃபையர்னு தேடித் தேடி ஒலி பண்ணியிருக்காங்க. அதுவரைக்கும் டாம் வச்சிருந்த கிட்டார்ல கம்பி அதிர்வ ஒலியா மாத்தற பிக்கப் ஒரே ஒண்ணு, ஒரே ஒரு வால்யூம் குமிழ், அவ்ளோதான், அவரு பேர்லயே ஃபெண்டர் கம்பெனி விக்கிற ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அப்படித்தான் இருக்கும், அந்த ஆளு கீபோர்டும் எதிரொலியும் தேடிப் போனதெல்லாம் பெரிய மாத்தம்.

முதல் பாட்டு ஃபீலிங் திஸ். டிரம்ஸோடதான் ஆரம்பிக்குது, அந்த டிரம்ஸ் ஒலியே காத்துல அலை அலையா சுத்தி வர்ற மாதிரி ஒரு எஃபெக்ட். டாமும் மார்க்கும் தனித்தனி ரூம்ல உக்காந்து அவங்கவங்க பகுதிய எழுதிட்டு வந்து சேத்தப்ப, ஒருத்தர் உடம்போட ஆசையப் பத்தி எழுதியிருக்காரு, இன்னொருத்தர் காதலையும் பிரிவையும் பத்தி எழுதியிருக்காரு. டாம் முண்டியடிச்சு கத்தி முடிச்சதும் மார்க் அகலமா, மெதுவா கோரஸைத் திறக்கறாரு. இப்ப பாட்டோட முடிவுக்கு வாங்க. இசை ஒவ்வொண்ணா விலகிப் போகுது, ரெண்டு பேரும் ஆளுக்கொரு வரிய ஒரே நேரத்துல பாடறாங்க, ஒண்ணு மேல ஒண்ணு, ஒண்ணுக்கொண்ணு பதில் இல்ல, ஆனா ரெண்டும் சரியா பொருந்துது. கடைசில குரல் மட்டும்தான் மிச்சம். ஹெட்ஃபோன்ல ஒரு தடவை மார்க்கை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்க, அடுத்த தடவை டாமை மட்டும். மூணாவது தடவை ரெண்டும் சேந்து விழும்போது கிடைக்கற அந்த உணர்வுக்காகத்தான் நான் இந்த பேண்டை இத்தனை வருஷமா விடாம கேக்கறேன்.

ஐ மிஸ் யூ இன்னும் ஒரு படி மேல. எலெக்ட்ரிக் கிட்டாரே கிடையாது. நிமித்தி வச்சு வாசிக்கற பெரிய மர பேஸ், செல்லோ, பியானோ, டிராவிஸ் குச்சிக்கு பதிலா பிரஷ்ஷால தேய்ச்சு வாசிக்கறாரு, அந்தத் தாளத்தோட நடை ராக்ல வர்றதே இல்ல, ஹிப் ஹாப்புல வர்ற நடை. தி க்யூர்ங்கற இங்கிலாந்து பேண்டோட தாக்கம் இதுல இருக்குன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. பாட்டோட முதல் பாதி முழுக்க மார்க், கிட்டத்தட்ட முணுமுணுப்பு. அந்த அமைதிக்குப் பழகி உக்காந்திருக்கும்போது திடீர்னு டாம் தன்னோட வளைஞ்ச உச்சரிப்போட உள்ள வர்றாரு. இணையத்துல அந்த உச்சரிப்பை வச்சு பல வருஷமா கேலி பண்றாங்க, பண்ணட்டும், ஆனா அந்த இடத்துல அழகான ஒரு குரல் வந்திருந்தா பாட்டு தூங்கியிருக்கும். டாம் மேல நின்னு கெஞ்சறாரு, மார்க் கீழேர்ந்து அதே ரெண்டு மூணு வார்த்தைய திருப்பித் திருப்பி சொல்லிக்கிட்டே இருக்காரு, பாட்டு முடியற வரைக்கும் அந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கவே இல்லங்கற மாதிரி ஒரு பிரிவு. அமெரிக்க மாடர்ன் ராக் பட்டியல்ல முதலிடம் வந்த பாட்டு.

ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம் பாட்டுக்கு முன்னாடி ஒரு பெண் குரல் கடிதம் படிக்கும், ரெண்டாம் உலகப் போர் சமயத்துல மார்க்கோட தாத்தா பாட்டிக்கு எழுதின நிஜக் கடிதங்கள் அது, படிக்கறது நடிகை ஜோஆன் வாலி. அது முடிஞ்ச உடனே பாட்டு இடி மாதிரி விழும். ஆல் ஆஃப் திஸ் பாட்டுல க்யூர் பேண்டோட ராபர்ட் ஸ்மித்தே வந்து பாடியிருக்காரு, கழிப்பறை ஜோக் அடிச்சுக்கிட்டிருந்த பேண்டுன்னு சிரிச்சவங்களுக்கு அதைவிட பெரிய பதில் தேவையில்ல. குறைன்னு பாத்தா கடைசில வர்ற ஒண்ணு ரெண்டு பாட்டு தேவைக்கு மேல நீளுது. அவ்ளோதான். இந்த ஆல்பத்தைக் கையில பிடிக்கற மாதிரி வாங்குங்க, ஏன்னா உள்ள இருக்கற புத்தகத்துல ஒவ்வொரு பாட்டைப் பத்தியும் மூணு பேரும் எழுதியிருக்காங்க, அதைப் படிச்சுக்கிட்டே கேக்கறது தனி.

இவ்ளோ நல்லா பண்ணவங்க 2005 பிப்ரவரில காலவரையில்லாத இடைவெளின்னு அறிக்கை விட்டு பிரிஞ்சுட்டாங்க. டாம் ஏஞ்சல்ஸ் அண்ட் ஏர்வேவ்ஸ்னு ஒரு பக்கம், மார்க்கும் டிராவிஸ்ஸும் ப்ளஸ் 44னு ஒரு பக்கம். ஏஞ்சல்ஸ்ல வானம் மட்டும் இருக்கு தரையில்ல, ப்ளஸ் 44ல தரை மட்டும் இருக்கு. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டா யாரு இல்லாம யாருக்கு என்ன குறையுதுன்னு கணக்குப் போட்ட மாதிரி தெரிஞ்சுடும்.

2008 ஆகஸ்ட்ல ஜெர்ரி ஃபின் மூளையில ரத்தக்கசிவு வந்து செத்துப் போனாரு. அடுத்த மாசமே தென் கரோலினாவுல கொலம்பியா விமான நிலையத்துல டிராவிஸ் போன விமானம் ஓடுதளத்தைத் தாண்டி ஓடி தீப்பிடிச்சு, நாலு பேரு இறந்து, டிராவிஸ்ஸும் டிஜே ஏஎம்ங்கற இசைக் கலைஞரும் மட்டும் பலத்த தீக்காயத்தோட பொழைச்சாங்க. ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பதான் டாம் திரும்பப் பேச ஆரம்பிச்சது, 2009 பிப்ரவரில கிராமி மேடையில மூணு பேரும் சேந்து நின்னு திரும்ப வர்றோம்னு சொன்னாங்க. கேக்கவே சந்தோஷமான சேதி, ஆனா 2011ல வந்த நெய்பர்ஹுட்ஸ் அந்த சந்தோஷத்துக்கு ஈடு குடுக்கல. டாம் சான் டியேகோல, மத்த ரெண்டு பேரும் லாஸ் ஏஞ்சலீஸ்ல, பாட்டு மெயில்ல போயிட்டு வந்துச்சு, ஜெர்ரி ஃபின் இடத்துல யாரையும் வைக்காம தாங்களே ப்ரொட்யூஸ் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டாவது இடத்துல இறங்கின ஆல்பம்தான், மோசம்னு சொல்ல மாட்டேன், ஆஃப்டர் மிட்நைட் மாதிரி ஒரு பாட்டுல டாம் பாடி நிறுத்தின இடத்துல மார்க் எடுக்கும்போது பழைய சூடு தெரியுது. மீதில பல இடத்துல டாமோட பாட்டுக்கு மார்க் பின்பாட்டு, மார்க்கோட பாட்டுக்கு டாம் பின்பாட்டு, அவ்ளோதான், யாரும் யாரையும் மறுத்துப் பேசல. அதுக்கு நேர் மாறா, 2012 டிசம்பர்ல லேபிளை விட்டு வெளிய வந்து ஒண்ணா உக்காந்து போட்ட டாக்ஸ் ஈட்டிங் டாக்ஸ்னு அஞ்சே பாட்டு இருக்கற ஒரு சின்ன வெளியீடு இருக்கு, நிறைய பேரு கவனிக்காம விட்டது, அதுல வர்ற பாக்ஸிங் டே ஒண்ணுக்காகவே தேடிக் கேளுங்க. ஒரே ரூம்ல உக்காந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு அஞ்சு பாட்டுலயே சாட்சி.

2015ல டாம் திரும்ப விலகி, அல்கலைன் ட்ரியோ பேண்டோட மேட் ஸ்கிபா வந்தாரு. ஸ்கிபா நல்ல பாடகர், ஸ்ருதில டாமைவிட எவ்வளவோ மேல, அவரோட சொந்த பேண்டு பாட்டெல்லாம் நான் விரும்பிக் கேக்கறவன். 2016ல வந்த கலிஃபோர்னியா முதலிடத்துக்குப் போச்சு, சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமிக்கு பரிந்துரையும் வாங்குச்சு, போர்ட் டு டெத் உண்மையிலேயே நல்ல பாட்டு. ஆனா ஸ்கிபாவோட குரல் மார்க்கோட குரல்ல வழுக்கிட்டு போய் சேந்துடுது, யாரு பாடறாங்கன்னே பல இடத்துல தெரியாது, கோரஸுக்கு கோரஸ் ஓ ஓன்னு கூட்டமா பாட வைக்கற ஜான் ஃபெல்ட்மனோட தயாரிப்பு அந்த வித்தியாசத்தை இன்னும் வழிச்சு எடுத்துடுச்சு. இதை ஸ்கிபா தலையில போடறது நியாயமே இல்ல, மூழ்காம கப்பலைக் கொண்டு போனவரு அவரு, திரும்ப டாம் வந்தப்பவும் மரியாதையா விலகி நின்னாரு. 2019ல வந்த நைன் ஆல்பத்தை கேட்டாலும் கேக்காட்டியும் ஒண்ணும் குடி முழுகாது.

2021 கோடையில மார்க்குக்கு நாலாம் நிலை லிம்ஃபோமா புற்றுநோய்னு வெளிய தெரிஞ்சுது. கீமோ எடுத்துக்கிட்டு அந்த வருஷம் செப்டம்பர்லயே புற்றுநோய் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அந்த நாட்கள்ல மூணு பேரும் மார்க் வீட்டுல உக்காந்து, பழைய மனஸ்தாபத்தையெல்லாம் வெளிப்படையா பேசித் தீத்துக்கிட்டதா அவங்களே சொல்லியிருக்காங்க. 2022 அக்டோபர்ல டாம் திரும்பி வந்தாச்சுன்னு அறிவிப்பு, 2023 ஏப்ரல்ல கோச்செல்லா இசை விழா மேடை, அதே வருஷம் அக்டோபர்ல ஒன் மோர் டைம். நேரா முதலிடம். ப்ரொட்யூசர் இந்த தடவை டிராவிஸ்.

இந்த ஆல்பத்துக்கு கலவையான விமர்சனம் வந்துச்சு, எனக்கு மனசு நிறைஞ்ச ஆல்பம்தான், குறைய சொல்லிட்டே ஆரம்பிக்கறேன். சத்தம் ரொம்ப நெருக்கி அடைச்சிருக்கு, மூச்சு விட இடமில்ல, ஜெர்ரி ஃபின் இருந்தா அந்த கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடம் விட்டிருப்பாரு. முதல்ல வந்த எட்ஜிங் பாட்டு ஆல்பத்துலயே சுமார் ரகம். அரை நிமிஷம்கூட இல்லாத துணுக்கெல்லாம் எதுக்குன்னு தெரியல. இத்தனையும் தாண்டி, அந்தெம் பார்ட் 3 டிரம்ஸோட உள்ள வர்றப்பவே தெரிஞ்சுடும் இவங்க திரும்ப ஒரே இடத்துல நின்னு வாசிக்கறாங்கன்னு. எனிமாவோட கடைசிப் பாட்டு அந்தெம், அடுத்த ஆல்பத்தோட முதல் பாட்டு அதோட ரெண்டாம் பாகம், இது மூணாவது, வீட்டை விட்டு ஓடணும்னு நினைச்ச பையன் அம்பது வயசை நெருங்கும்போது என்ன பாடுவான்னு கேட்டா இதைத்தான் பாடுவான். யூ டோன்ட் நோ வாட் யூவ் காட் பாட்டுல மார்க் நோய் வந்த நாளைப் பத்தி பாடறாரு, அந்த கிட்டார் ஆடம்ஸ் சாங்கை ஞாபகப்படுத்தற மாதிரி மெல்ல வருது. 1999ல உயிரோட இருக்கணுமான்னு கேட்டு எழுதின அதே மனுஷன் இப்ப உயிரோட இருக்க விடுன்னு கேக்கறாரு, நான் அந்தப் பாட்டை வேற வேலை பாத்துக்கிட்டே கேக்க முடியாம நிறுத்திட்டு உக்காந்துட்டேன்.

தலைப்புப் பாட்டு ஒன் மோர் டைம் கிட்டத்தட்ட வெறும் கிட்டாரும் குரலும்தான். ஒரு நோயும் ஒரு விமான விபத்தும் வந்தாதான் நாம சேரணுமான்னு மூணு பேரும் தங்களைத் தாங்களே கேட்டுக்கற பாட்டு, மாறி மாறி பாடறாங்க, டாம் இதுல கத்தவே இல்ல. சில பேருக்கு இது ரொம்ப வெளிப்படையா, கண்ணீர் வரவழைக்கற மாதிரி இருக்குன்னு புகார். சுத்தி வளைச்சு சொல்ற பேண்டு இது எப்பவுமே இல்லையே, ஃபர்ஸ்ட் டேட்டுலயும் அப்படித்தான் நேரா சொன்னாங்க, இதுலயும் அப்படித்தான்.

புதுசா ஆரம்பிக்கறவங்க 2003 ஆல்பத்துலேர்ந்து ஆரம்பிங்க, அங்கேர்ந்து பின்னாடி எனிமாவுக்கு வாங்க, அப்புறம் நேரா ஒன் மோர் டைமுக்குத் தாவுங்க, ட்யூட் ரான்ச்சும் டாக்ஸ் ஈட்டிங் டாக்ஸும் அதுக்கப்புறம் தானா கூப்பிடும். ஒன் மோர் டைம்ல 2024ல கூடுதலா எட்டு பாட்டு சேத்து ஒரு பதிப்பு வந்திருக்கு, வாங்கறதா இருந்தா அதையே வாங்குங்க, அந்த எட்டுல சிலது முதல் பதிப்புலயே வந்திருக்க வேண்டிய பாட்டு. ஸ்பீக்கர்ல கேக்கறவங்க பேஸ கொஞ்சம் ஏத்தி வைங்க, டிராவிஸ்ஸோட டிரம்ஸையும் டாமோட குரலையும் கவனிச்சுக்கிட்டே மார்க்கோட கை பண்ற வேலைய நிறைய பேரு தவற விட்டுடறாங்க.